ஆர்க் பிடித்ததும் கேன்ட்ரி துள்ளுகிறதா?

கேள்வி: ஐயா, கோவையில் கேட், கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். 5 அடிக்கு 10 அடி சிஎன்சி பிளாஸ்மா டேபிள், ஸ்டெப்பர் மோட்டார்கள், ஹை ஃப்ரீக்வென்சியில் ஆர்க் பிடிக்கும் பழைய மெஷின். டிரை ரன்னில் இம்மி பிசகாமல் ஓடுகிறது. வெட்டும்போது மட்டும் கேன்ட்ரி திடீரென்று துள்ளுகிறது. மூலைகளில் டார்ச் தாழ்ந்து ஷீட்டில் இடிக்கிறது. பார்த்தவர்கள் மோட்டாரையும் டிரைவரையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடட்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். டிரை ரன் சரியாக ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே பாதி விடை. பிளாஸ்மா டார்ச் தகட்டைத் தொட்டு வெட்டுவதில்லை. அதனால் வெட்டும்போதும் வெறுமனே ஓடும்போதும் மோட்டாருக்குச் சுமை ஒன்றுதான். பினியன் லூசாக இருந்தாலோ, வேகத்தைக் கூட்டி வைத்திருந்தாலோ டிரை ரன்னிலேயே பல்லைக் காட்டியிருக்கும். ஆர்க் வந்தால்தான் கோளாறு வருகிறது என்றால் மின் இரைச்சலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஹை ஃப்ரீக்வென்சி ஸ்டார்ட் என்பது பல ஆயிரம் வோல்ட் பொறி. மோட்டார் டிரைவருக்குப் போகும் ஸ்டெப் சிக்னலோ பெரும்பாலும் 5 வோல்ட்தான். பொறியின் இரைச்சல் அந்த வயரில் ஏறினால் டிரைவர் அதையும் கட்டளையாக எண்ணி மோட்டாரை நகர்த்திவிடும்.

இதை உறுதிசெய்ய ஒரு சோதனை. தொடக்கப் புள்ளியில் டார்ச்சுக்கு நேர் கீழே, வெட்டுப்படாத இடத்தில், சென்டர் பஞ்சால் ஒரு குறி போடுங்கள். கேன்ட்ரி துள்ளும்வரை வெட்டிவிட்டு, மெஷினை எக்ஸ் 0, ஒய் 0-க்குத் திரும்பச் சொல்லுங்கள். திரை 0 காட்டியும் டார்ச் குறியை விட்டு விலகி நின்றால், கன்ட்ரோலருக்கும் டிரைவருக்கும் நடுவில்தான் பல்ஸ் கெடுகிறது. குறியின் மேலேயே வந்து நின்றால், துள்ளச் சொன்னதே கன்ட்ரோலர்தான். ஜாக் பட்டன் போன்ற இன்புட் வயர்களில் இரைச்சல் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இனி எர்த். பிளாஸ்மாவின் கிளாம்பை எங்கே மாட்டியிருக்கிறீர்கள்? துருப்பிடித்த சட்டத்திலோ பெயின்ட் மேலோ இருந்தால், கரன்ட் திரும்பி வர வேறு வழி தேடும். கிரைண்டரால் தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில், முடிந்தால் வெட்டும் தகட்டிலேயே, மாட்டுங்கள். டேபிள், கேன்ட்ரி, கன்ட்ரோல் பெட்டி மூன்றிலிருந்தும் தனித்தனி எர்த் வயர் ஒரே புள்ளியில் சேரட்டும். சக்கரமும் பேரிங்கும் எர்த்தைக் கடத்தும் என்று நம்பாதீர்கள்.

அடுத்து கேபிள். பல பட்டறைகளில் டார்ச் கேபிளையும் மோட்டார் கேபிளையும் ஒரே டிராக் செயினில் திணித்திருப்பார்கள். பிரித்துவிடுங்கள்; ஓரடி இடைவெளி இருந்தால் நல்லது, குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் குறுக்கிடட்டும். மிச்சக் கேபிளை வளையமாகச் சுற்றி வைக்காதீர்கள். சிக்னலுக்கு ஷீல்டு கேபிள் போட்டு, ஷீல்டைக் கன்ட்ரோல் பெட்டிப் பக்கம் மட்டும் எர்த்தில் சேருங்கள். இவ்வளவுக்குப் பிறகும் துள்ளினால், பணத்தை டிரைவரில் போடாமல், ஹை ஃப்ரீக்வென்சி இல்லாத புளோபேக் ஸ்டார்ட் மெஷினில் போடுங்கள்.

மூலையில் டார்ச் இடிப்பது வேறு வியாதி. உங்கள் டேபிளில் டிஎச்சி எனும் உயரக் கட்டுப்பாடு இருக்கும். அது ஆர்க் வோல்ட்டேஜைப் பார்த்துத்தான் உயரத்தைக் கணிக்கிறது. மூலையில் வேகம் குறைய, வெட்டு அகலமாகி, ஆர்க் நீண்டு, வோல்ட்டேஜ் ஏறுகிறது. டார்ச் உயரத்தில் இருப்பதாக நினைத்து டிஎச்சி அதைக் கீழே இறக்கிவிடுகிறது. வேகம் குறையும்போது உயரத்தைப் பூட்டி வைக்கும் வசதி கன்ட்ரோலரில் இருந்தால் அதை இயக்குங்கள். எலக்ட்ரோடு தேய்ந்தாலும் வோல்ட்டேஜ் ஏறும். அதையும் கழற்றிப் பாருங்கள்.

எதைத் தொடுவதற்கும் முன் மெயினை அணைத்துவிடுங்கள். எர்த் வேலையை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். யார் சொன்னாலும் நியூட்ரலை எர்த்தாகக் கட்டிவிடாதீர்கள்; நியூட்ரல் எங்காவது அறுந்தால் டேபிள் முழுக்க மின்சாரம் ஏறிவிடும்.