காமிராவின் குவியத்திரையும் அதனைத் தெரிந்தெடுக்கும் முறையும்

புகைப்படக் கலை பயில விரும்பும் மாணவர் காமிராவின் விலையை ஆராய்வர். வில்லையின் பெருமையை ஆராய்வர். அவ்விரண்டிற்கும் நடுவே நின்று கண்ணுக்குச் சான்று பகரும் சிறு தகட்டை ஆராய்வார் மிகச் சிலரே. போட்டோக்காரர் போக்கஸிங் ஸ்கிரீன் என வழங்கும் அத்தகட்டை ஈண்டுக் குவியத்திரை என்போம். கையாற் குவியம் திருத்தும் வில்லைகளுக்கு எத்திரை ஏற்றது என்பதைத் திருவண்ணாமலையின் கோயிலையும் மலையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வில்லை வழியே புகும் ஒளி, காமிராவினுள் சாய்ந்து நிற்கும் ஆடியிற் பட்டு மேல்நோக்கித் திரும்பிக் குவியத்திரையில் பிம்பமாக விழுகின்றது. வில்லையினின்று திரைவரை ஒளி செல்லும் தூரமும், வில்லையினின்று பிலிம்வரை செல்லும் தூரமும் ஒன்றே. ஆதலின் திரையிலே தெளிந்தது பிலிமிலும் தெளிதல் வேண்டும். 1858-இல் சென்னை மாகாண அரசாங்கத்தின் புகைப்படக்காரராயிருந்து மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப் போன்றோருக்குத் தேய்த்த கண்ணாடி ஒன்றே திரையாயிருந்தது. பிம்பம் அதில் தலைகீழாகத் தோன்றும், ஓரங்கள் இருண்டிருக்கும். கலங்கரை விளக்கங்களுக்காகப் பிரெனல் என்னும் பிரெஞ்சு அறிஞர் வகுத்த வட்டவரி வில்லையைப் பிற்காலத்தார் திரையோடு சேர்த்து ஓரத்து இருளைக் குறைத்தனர். 1959-இல் வெளிவந்த நிக்கான் எப் முதலிய காமிராக்களில் வேண்டிய திரையை வேண்டியபோது மாற்றிக்கொள்ளும் வசதியும் அமைந்தது. மாற்றலாம் என்றவுடனே, எதனைத் தெரிந்தெடுப்பது என்னும் வினாவும் எழுந்தது.

திரைகளை மூவகையாகப் பிரிக்கலாம். முதலாவது, எவ்வித அடையாளமுமில்லாத மங்கல் திரை. பிம்பம் எங்கே கூர்மையாகின்றது என்பதைக் கண்ணே தீர்மானித்தல் வேண்டும். இரண்டாவது, நடுவில் இரண்டு ஆப்பு வடிவக் கண்ணாடிகளை எதிரெதிராகப் பதித்த பிளவுத் திரை. குவியம் பிசகியிருந்தால் தூணொன்று நடுவே வெட்டுண்டு விலகியதுபோல் தோன்றும். சரியானால் இரு துண்டுகளும் ஒன்றாகப் பொருந்தும். மூன்றாவது, நுண்ணிய கூம்புகள் நிறைந்த நுண்பட்டைத் திரை. குவியம் பிசகினால் பிம்பம் நீர்மேல் ஒளிபோல் மினுங்கும், சரியானால் அமைதியுறும். இவற்றுள் ஒன்றன்மேல் நேர்கோடுகளால் கட்டம் வரைந்து வழங்குவதும் உண்டு.

பிளவுத் திரையே எளிதாயிருத்தலின் அதுவே எவர்க்கும் போதும் எனச் சிலர் கருதுவர். அக்கருத்துப் பொருந்தாது. ஆப்புக் கண்ணாடி ஒவ்வொன்றும் வில்லைத் துவாரத்தின் ஒரு பக்கத்து ஒளியை மட்டுமே கண்ணுக்குக் கொணர்வது. துவாரம் சிறுத்தால் அப்பக்கத்து ஒளி வந்து சேராது; உடனே பிளவின் ஒரு பாதி கரிபோல் இருண்டுவிடும். எப் எண் மிகுந்தோறும் துவாரம் சிறுக்கும் என்பதை மாணவர் அறிவர். பொதுவாக எப் 4 அளவில் தொடங்கும் இத்தொல்லை, எப் 5.6-க்கு அப்பால் பெரும்பாலான பிளவுத் திரைகளைப் பயனற்றவையாக்கும். நுண்பட்டைத் திரைக்கும் இக்குறை உண்டு.

இனி இவ்விலக்கணத்தைத் திருவண்ணாமலையிற் பொருத்திக் காண்போம்.

கிழக்கே நிற்கும் இராசகோபுரம் பதினொரு நிலைகளுடன் 217 அடி உயர்ந்தது. பகல் வெளிச்சத்தில் அதன் நேரான விளிம்புகள் பிளவுத் திரைக்கு மிக இசைந்தவை. எனினும், கோபுரத்திற்குக் குவியத்தினும் நிமிர்ந்த நிலையே அரியது. காமிரா சற்றுச் சாய்ந்தாலும் கோபுரமும் சாயும். ஆதலின் அங்கே கட்டமிட்ட மங்கல் திரையே சிறந்தது.

ஆயிரக்கால் மண்டபத்தின் உள்ளே ஒளி குறைவு. எப் 1.4 போன்ற பெருந்துவார வில்லை உடையார்க்குத் தூண்களின் விளிம்பிலே பிளவுத் திரை விரைந்து உதவும். எப் 4.5 வில்லை உடையாரோ பாதி இருண்ட வட்டத்தையே காண்பர்; அவர்க்கு மங்கல் திரையே துணை. கல்வெட்டின் ஓரெழுத்தை மிக நெருங்கி எடுப்பவர்க்கு வேறோர் இடையூறும் உண்டு. எழுத்தின் உண்மையளவிலேயே பிம்பம் விழுமாறு வில்லையை முன் நகர்த்தினால், எப் 2.8 என்பது பயனளவில் எப் 5.6 ஆகிவிடும். பெருந்துவார வில்லை உடையாரும் அங்கே மங்கல் திரையையே நாடுதல் வேண்டும்.

கார்த்திகைத் தீபத்தன்று 2,668 அடி உயர்ந்த மலையின் உச்சியில் சுடர் தோன்றும். தொலைவில் அசையும் சுடரைப் பிளவிலே பொருத்த முயலுதல் வீண். நெடுவில்லைகளின் துவாரமும் பெரும்பாலும் சிறியது. பொழுது சாயுமுன் உச்சிப் பாறைகளின் விளிம்பை மங்கல் திரையிற் கூர்மையாக்கி, குவிய வளையத்தை நாடாவால் ஒட்டிவைத்தல் நன்று. வளையத்தில் எழுதிய அனந்தக் குறியை மட்டும் நம்பலாகாது. பல நெடுவில்லைகள் வெப்பத்தால் நீளுதற்கு இடம் விட்டு அக்குறியையும் கடந்து திரும்புவன.

இதுகாறும் கூறியவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. ஒளி மிக்க திரை உண்மை மிக்க திரை அன்று. தானே குவியம் திருத்தும் காமிராக்களோடு வரும் திரைகள், சிறுதுவார வில்லைகளுக்கும் பிம்பம் பளிச்சென்று தெரியுமாறு நுண்வில்லைகளால் ஆக்கப்பட்டவை. அவை ஒளியைச் சிதறவிடாமற் கண்ணுக்கு நேரே செலுத்துதலின், பெருந்துவாரத்தின் ஓரக் கதிர்கள் கண்ணை எட்டுவதில்லை. எப் 1.4 வில்லையை மாட்டினும் கண் காண்பது ஏறத்தாழ எப் 2.8-இன் காட்சியே. 50 மில்லிமீட்டர் வில்லையால் மூன்று மீட்டர் தூரத்திலுள்ள சிற்பத்தை எப் 1.4-இல் எடுத்தால், படத்தில் தெளிவது முன்னும் பின்னுமாக ஏறத்தாழ 30 செண்டிமீட்டர். திரையில் தெளிவதுபோற் தோன்றுவதோ 60 செண்டிமீட்டர். கண் தெளிவென்று கொண்டதிற் பாதி படத்தில் மங்கலாகும். இதனை உணர்ந்தே கேனன் கம்பெனியார், 2005-இல் வெளிவந்த ஈ.ஓ.எஸ். 5டி காமிராவுக்கு, எப் 2.8-உம் அதனிற் பெரிய துவாரமும் உடைய வில்லைகளுக்கெனத் தனித் திரை விற்றனர். சிறுதுவார வில்லைக்கு அது இருண்டு தோன்றும்.

தம் திரையின் உண்மையை மாணவர் தாமே சோதிக்கலாம். தொலைவிலுள்ள விளக்கொன்றைக் குவியம் பிசகவைத்து ஒளிவட்டமாகக் காண்க. துவாரத்தை எப் 1.4-இலிருந்து 2, 2.8 எனப் படிப்படியாகக் குறைத்து, காமிராவின் முன்காட்சிப் பொத்தானை அழுத்துக. வட்டம் ஒவ்வொரு படியிலும் சிறுத்தால் திரை மெய் கூறுகின்றது, 2.8 வரை மாறாதிருந்தால் அது ஓரக் கதிர்களை மறைக்கின்றது என்றறிக.

திரையை மாற்றுவோர் மூன்றினைக் கருதுக. திரை தனக்குரிய தளத்தில் சரியாக அமரவேண்டும். மில்லிமீட்டரிற் பத்திலொரு பங்கு பிசகினாலும், எப் 1.4-இல் ஒரு புள்ளி 0.07 மில்லிமீட்டர் அகன்ற மங்கலாகும். தெளிவென ஏற்கப்படும் அளவு 0.03 மட்டுமே. சாய்த்து வைத்த செய்தித்தாளின் ஒரு வரியைக் குவித்துப் படமெடுத்தால் இப்பிசகு புலனாகும். அடுத்து, திரை வழியே ஒளியை அளக்கும் காமிராவில் திரை மாறினால் அளவும் மாறும், அதற்கேற்பத் திருத்துக. மூன்றாவது, திரையின் மேற்பரப்பை விரலாலும் துணியாலும் தொடற்க. காற்றூதித் தூசி போக்குதலே போதும்.

ஆடியில்லாக் காமிராக்கள் பரவிய இக்காலத்தில் பிம்பத்தை மின்திரையிற் பெரிதாக்கிக் காணலாம். ஆகவே இவ்வாராய்ச்சி எதற்கு எனச் சிலர் வினவலாம். பழைய காமிராக்களும் பழைய வில்லைகளும் மாணவர் கைக்கு எட்டும் விலையில் இன்றும் கிடைக்கின்றன. அவற்றாற் பயில்வோர் பலர். மேலும், சில கோயில்களில் மணல்வீச்சினாற் கல்லெழுத்துக்கள் தேய்ந்து போனதை நாம் அறிவோம். எழுத்துத் தேய்ந்த பின்னர் அதன் படமே சாட்சி. அப்படம் மங்கலாயின் சாட்சியும் இல்லை. திருவண்ணாமலையில் சோழர் காலம் முதலாகப் பொறித்த சாசனங்கள் பல உள. படமெடுக்க அனுமதியுள்ள இடத்தில் அவற்றை எடுக்கச் செல்லும் மாணவர், தம் வில்லையின் துவாரத்தையும், எடுக்கும் பொருளின் வடிவையும், இடத்தின் ஒளியையும் முதலில் எண்ணி, அம்மூன்றிற்கும் இசைந்த திரையைக் கொள்வாராக. கண்ணுக்கு இனிதாய்த் தோன்றுவதினும் உள்ளதை உள்ளவாறு காட்டுவதே நல்ல திரை.