பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளின் ஹக்கு



நம் பிள்ளைகளில் பலர் அரசுப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். கழிப்பறைக்குக் கதவில்லை, குடிதண்ணீர் சரியில்லை என்று தாய்மார்கள் அறக்கட்டளை அலுவலகத்தில் வந்து சொல்வதுண்டு. சொல்லிவிட்டு, "இலவசமாகப் படிக்க வைக்கிறார்கள், இதற்குமேல் என்ன கேட்பது?" என்று அவர்களே முடித்தும் விடுகிறார்கள். அரசுப் பள்ளியில் கிடைப்பது ஸதகா அல்ல, பிள்ளைகளின் ஹக்கு. சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. பள்ளியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அதன் அட்டவணை கூறுகிறது: வெயிலுக்கும் மழைக்கும் தாங்கும் கட்டடம், ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான, போதுமான குடிநீர், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும் தடையின்றி வந்து போகும் வழி, மதிய உணவு சமைக்கச் சமையலறை, விளையாட்டிடம், சுற்றுச்சுவர் அல்லது வேலி. பிள்ளைகளை அடிப்பதும் மனம் நோகடிப்பதும் இதே சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டவை.

இவற்றில் கழிப்பறையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறாம், ஏழாம் வகுப்புக்கு வந்த பெண் பிள்ளைகள் பள்ளியில் ஒதுங்க இடமில்லை என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்று வருகிறது. மாதவிலக்கு நாட்களில் லீவு போடுகிறார்கள். லீவு கூடக்கூடப் பாடம் பிடிபடாமல், கடைசியில் "படித்தது போதும்" என்று வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். நம் சமுதாயம் பெண்களைப் படிக்க வைப்பதில்லை என்று வெளியில் பேசுகிறார்கள். தாழ்ப்பாள் இல்லாத கதவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எல்லாப் பள்ளிகளிலும் கழிப்பறையும் குடிநீரும் ஆறு மாதத்துக்குள் அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012 அக்டோபர் 3 அன்று உத்தரவிட்டது. ஆகவே பள்ளிக்குப் போனால், கட்டடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். உள்ளே தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா, குப்பைக்கூடை இருக்கிறதா, பகலில் பூட்டி வைக்கிறார்களா என்று பாருங்கள். உங்கள் மகளிடமே கேட்டால் எல்லாம் சொல்லிவிடுவாள்.

அடுத்தது தீ. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 94 பிள்ளைகள் கருகி இறந்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். சமையலறையில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. அதையொட்டித் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ, தீயணைப்புக் கருவி இருக்க வேண்டும். அதை இயக்க ஊழியர்களுக்குப் பயிற்சி வேண்டும். எளிதில் தீப்பற்றும் பொருள்கள் கட்டடத்தில் கிடக்கக் கூடாது. கட்டடத்தின் உறுதியை அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும்.

இங்கே நம்மவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மார்க்கக் கல்வியை முதன்மையாகத் தரும் மதரஸாக்களுக்கு 2012-ஆம் ஆண்டுத் திருத்தமே விலக்கு அளித்திருக்கிறது. இதைச் சிலர் சலுகையாக எடுத்துக்கொள்கிறார்கள். தீ பற்றிய தீர்ப்பில் அப்படி விலக்கு ஏதும் இல்லை. பிள்ளைகள் இரவு தங்கும் மதரஸாக்களில் இந்த ஏற்பாடுகள் இன்னும் கூடுதலாகவே வேண்டும் என்பது நம் கருத்து.

சத்துணவு விஷயம் சுருக்கமானது. 2013-இல் பீகாரில் பூச்சிமருந்து கலந்த மதிய உணவை உண்டு 23 பிள்ளைகள் இறந்தார்கள். மதிய உணவுத் திட்ட வழிகாட்டுதல்களின்படி, ஓர் ஆசிரியராவது சுவைத்துப் பார்த்த பிறகே பிள்ளைகளுக்குப் பரிமாற வேண்டும்.

சரி, இதையெல்லாம் யார் கேட்பது? பள்ளி மேலாண்மைக் குழுவை அதற்காகவே சட்டத்தின் 21-ஆம் பிரிவு வைத்திருக்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். கூட்டத் தேதி சொல்லியும் நம் வீடுகளிலிருந்து போகிறவர்கள் குறைவு. கணவர் வெளிநாட்டில், வீட்டில் ஆண் துணை இல்லை என்கிறார்கள் சில தாய்மார்கள். குழுவில் பாதிப்பேர் பெண்கள் என்பதால் தயங்க வேண்டியதில்லை, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போகலாம்.

முதலில் தலைமையாசிரியரிடம் பேசுங்கள். பல நேரம் அவரும் நிதிக்காகக் காத்திருப்பவர்தான், சண்டைக்காரராக நினைக்க வேண்டாம். நடக்காவிட்டால் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுத வையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் 32-ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் தரலாம். மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு உண்டு.

புகாரில் குறையையும் பார்த்த தேதியையும் எழுதுங்கள். ஒரு நகல் எடுத்து, அதில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நம் அலுவலகத்தில், இன்ஷா அல்லாஹ், கட்டணமின்றி எழுதித் தருகிறோம்.