நம்பிக்கைகளும் உண்மைகளும்: நத்தாருக்கு முன்பே அகப்பட்ட பரிசு

டிசம்பர் மாதம் திருகோணமலைக்கு வடகீழ்ப் பருவமழைக் காலம். பள்ளிக்கூட விடுமுறையும் அதோடு சேர்ந்துவிடும். கடற்கரைக்குப் போக முடியாது, முற்றத்தில் பந்து அடிக்க முடியாது. உவர்மலையிலும் பாலையூற்றிலும் பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டுக்குள்தான். கனடாவில் இருக்கும் மாமா கப்பலில் அனுப்பிய பார்சலும் அதே வீட்டில், நத்தாருக்குப் பல வாரம் முன்பே வந்து, அலுமாரியில் அம்மாவின் சேலைகளுக்குக் கீழே கிடக்கிறது. பிள்ளை அதைக் கண்டுபிடிப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. கண்டுபிடித்த பிறகு எழும் ஏச்சும் அழுகையும்தான் வேதனை. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கைகளைக் கொஞ்சம் சோதித்துப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: நல்ல பிள்ளை ஒளித்து வைத்ததைத் தேடாது. தேடினால் அது கள்ளப்புத்தி.

உண்மை: கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் விக்டோரியா தல்வாரின் குழு 4 முதல் 8 வயது வரையான 372 பிள்ளைகளை ஆராய்ந்தது. பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் ஒரு விளையாட்டுச் சாமானை வைத்து, "திரும்பிப் பார்க்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, ஒரு நிமிடம் தனியே விட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். அங்கே ஒரு நிமிடம். நம் பிள்ளைகளுக்கோ மழைநாள் முழுவதும். ஆவலை அடக்கும் பழக்கம் வயதோடு மெல்ல மெல்ல வருவது. ஏழு வயதுப் பிள்ளை அலுமாரியைத் திறந்தது ஆவலினால். அதற்குக் 'கள்ளன்' என்று பெயர் வைப்பது பெரும் அநியாயம். பரிசுப் பெட்டியின் ஓரத்தில் செலோடேப் மெல்ல உரிக்கப்பட்டு, தூசி ஏறிய பசையோடு திரும்ப ஒட்டப்பட்டிருப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். முழுவதும் கிழிக்காமல் ஒரு மூலையோடு நிறுத்திக்கொண்டதே, அந்தப் பிள்ளைக்கும் மனம் உறுத்தியிருக்கிறது என்பதற்கு அடையாளம்.

நம்பிக்கை 2: மிரட்டிக் கேட்டால் உண்மை வரும்.

உண்மை: அதே ஆய்வு இதற்கு நேர் எதிரான விடையைத் தருகிறது. திரும்பிப் பார்த்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் "பார்க்கவில்லை" என்று பொய் சொன்னார்கள். தண்டனை கிடைக்கும் என்று பயந்தவர்களிடம் உண்மை குறைவாகவே வந்தது. "உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷம்" என்று கேட்டபோது அது கூடுதலாக வந்தது. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் காங் லீயும் தல்வாரும் மற்றவர்களும் 2014இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், 'புலி வருது' கதைக்கு ஒப்பான, பொய் சொன்னவன் கெட்டுப்போகும் கதை பிள்ளைகளின் நேர்மையைக் கூட்டவில்லை. உண்மையை ஒப்புக்கொண்டு பாராட்டுப் பெற்ற சிறுவனின் கதைதான் கூட்டியது.

ஆகவே, தெரிந்துகொண்டே "அலுமாரியைத் திறந்தாயா?" என்று விசாரிக்க வேண்டாம். அந்தக் கேள்வியே பிள்ளையைப் பொய்யின் பக்கம் தள்ளுகிறது. பக்கத்தில் இருத்தி, "நீ அந்தப் பெட்டியைப் பார்த்தது எனக்குத் தெரியும் மகன். நான் ஏச மாட்டன். என்ன நடந்ததெண்டு சொல்லு" என்று கேளுங்கள். "பார்த்திட்டன் அம்மா" என்று வந்தால், "சொன்னது நல்லது" என்பதே முதல் பதிலாக இருக்கட்டும். கேளாமல் பிறர் பெட்டியைத் திறக்கக் கூடாது என்ற பாடத்தை அதன் பிறகு, சுருக்கமாகச் சொல்லலாம். "உனக்கு இனிப் பரிசே இல்லை" என்று சொன்னால், அடுத்த முறை பிள்ளை இன்னும் கவனமாக மறைக்கத்தான் கற்றுக்கொள்ளும்.

நம்பிக்கை 3: முன்பே பார்த்துவிட்டால் பரிசின் சந்தோஷம் போய்விடும்.

உண்மை: கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் 2011இல் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இரு ஆய்வாளர்கள் சிறுகதைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முடிவை முன்பே அறிந்து படித்தவர்களின் ரசனை குறையவில்லை. பெரும்பாலான கதைகளில் கூடவே செய்தது. அது கதையைப் பற்றிய ஆய்வுதான். ஆனாலும், முடிவு தெரிந்த கூத்தை விடியவிடிய இருந்து பார்க்கும் நமக்கு அதன் நியாயம் விளங்கும். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து, பாலன் குடிலின் பக்கத்தில் எல்லோரும் சுற்றியிருக்கப் பெட்டியைப் பிரிக்கும் சந்தோஷம் அலுமாரிக்குள் கிடைக்காது. பெட்டிக்குள் இருப்பது என்ன என்று தெரிந்துவிட்டாலும் அந்த நாள் பிள்ளைக்கு அப்படியே காத்திருக்கிறது. பரிசை மாற்றவும் வேண்டாம், பறிக்கவும் வேண்டாம்.

நம்பிக்கை 4: நத்தார் பாப்பா யார் என்று தெரிந்துவிட்டால் பிள்ளை இனிப் பெற்றோரை நம்பாது.

உண்மை: டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆண்டர்சனும் பிரென்டிசும், நத்தார் பாப்பா உண்டு என்ற நம்பிக்கையை விட்டுவிட்ட 52 பிள்ளைகளிடம் பேசி 1994இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெரும்பாலோர் ஏழு வயதளவில் தாமாகவே கண்டுபிடித்திருந்தார்கள். அவர்கள் சொன்ன உணர்ச்சிகளில் நல்லவையே மிகுதி. கவலைப்பட்டவர்கள் பெற்றோர்தான்.

நத்தார் பாப்பாவின் மூலவரே ஒருமுறை கையும் களவுமாகப் பிடிபட்டவர். நான்காம் நூற்றாண்டில் மீரா நகரின் ஆயராக இருந்த புனித நிக்கலஸ்தான் அவர். அந்த நகர் இன்றைய துருக்கியில் இருக்கிறது. அவர் திருநாள் டிசம்பர் 6. சீதனம் கொடுக்க வழியில்லாத ஒரு தகப்பனின் மூன்று பெண்களுக்காக, அவர் இரவில் யன்னல் வழியே பொன் முடிச்சுகளை எறிந்தார் என்கிறது மரபுக்கதை. மூன்றாம் முறை தகப்பன் விழித்திருந்து, துரத்திப் போய் அவரைப் பிடித்துவிட்டான். "நான்தான் என்று யாருக்கும் சொல்லாதே" என்று மட்டும் அவர் கேட்டுக்கொண்டார். இந்தக் கதையைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். "இப்போது நீயும் எங்கள் பக்கம், தங்கச்சிக்கும் பக்கத்து வீட்டுச் சின்னவனுக்கும் சொல்லிவிடாதே" என்று அதே வேண்டுகோளை முன்வையுங்கள். தங்கச்சியின் பரிசைச் சுற்றும் வேலையையும் அவனிடமே கொடுங்கள். எடுத்துப் பார்த்த கைக்குக் கொடுத்துப் பார்க்கும் சந்தோஷம் கிடைக்கட்டும்.

நம்பிக்கை 5: கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டால் போதும்.

உண்மை: இங்கேதான் மெய்யான ஆபத்து இருக்கிறது. அலுமாரியின் மேலே இருப்பதை எடுக்கப் பிள்ளை கதிரையில் ஏறும், இழுப்பறைகளைப் படியாக மிதிக்கும். அலுமாரி சரிந்து விழுந்தால் உயிருக்கே ஆபத்து. மருந்துப் பெட்டி, மண்ணெண்ணெய்க் கலன் ஆகியவற்றின் பக்கத்திலும் பரிசை ஒளிக்காதீர்கள். இசைக்கும், மின்னும் சாமான்களில் இருக்கும் பொத்தான் பேட்டரியைச் சின்னப் பிள்ளை விழுங்கினால், இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் புண்ணாகிவிடும். விழுங்கிய சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். பரிசை அயல் வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைப்பதே நல்ல வழி. நத்தார் கேக்கும் பெருநாள் வட்டிலப்பமும் பொங்கலும் வீட்டுக்கு வீடு போய்வரும் நம் ஊரில் அதற்கு ஆள் கிடைப்பது கஷ்டமில்லை.

பெற்றோரே, பிரிந்த பெட்டியைத் திரும்ப ஒட்டிவிடலாம். அதற்காக விழுந்த அடி பிள்ளையின் மனதில் நெடுநாள் நிற்கும். பிழை செய்த அன்றைக்கும் பயமில்லாமல் உங்களிடம் வந்து சொல்லலாம் என்ற தைரியத்தை இந்த நத்தாருக்கு உங்கள் பிள்ளைக்குக் கொடுங்கள்.