ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வில் 6-லிருந்து 7-க்கு

கேள்வி: வயது 27. முகப்பேரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். இங்கிலாந்து போவதற்காக ஐஇஎல்டிஎஸ் எழுதினேன். லிசனிங், ரீடிங் இரண்டிலும் 7, ரைட்டிங்கில் 6.5. ஸ்பீக்கிங்கில் மட்டும் 6. கோச்சிங்கில் கொடுத்த கியூ கார்டு பதில்களை வரி விடாமல் மனப்பாடம் செய்திருந்தேன். தாஜ்மஹால் பற்றி நன்றாகத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு கேட்ட கேள்விகளில் வாயடைத்துப் போய்விட்டது. என் உச்சரிப்பு ‘தமிழ் இங்கிலீஷ்’ என்று தோழிகள் சொல்கிறார்கள். வீட்டில் ஆங்கிலம் பேச ஆளும் இல்லை. எப்படிப் பயிற்சி செய்வது?
– ஒரு வாசகி, பாடி

பதில்: முதலில் ஒரு நல்ல செய்தி. பிரிட்டனின் செவிலியர் பதிவு அமைப்பான என்எம்சி, ரைட்டிங்கில் 6.5-ம் மற்ற மூன்றிலும் 7-ம், மொத்தத்தில் 7-ம் கேட்கிறது. ஸ்பீக்கிங்கில் 7 வந்துவிட்டால் உங்கள் சராசரியும் தானாகவே 7 ஆகிவிடும். ஆக, உங்களுக்கு மிச்சமிருப்பது 11 முதல் 14 நிமிடம் வரை நடக்கும் அந்த உரையாடல் மட்டும்தான்.

நீங்கள் சிக்கிக்கொண்ட இடத்தைப் பாருங்கள். இரண்டாம் பகுதியில் கியூ கார்டில் உள்ள தலைப்பைப் பற்றி ஒரு நிமிடம் யோசித்து, இரண்டு நிமிடம் வரை பேசுகிறோம். மூன்றாம் பகுதியின் கேள்விகள் அதே பொருளிலிருந்துதான் கிளைக்கும். பழைய கட்டடங்களைப் பராமரிக்க அரசு செலவு செய்ய வேண்டுமா, இளைஞர்கள் ஏன் அங்கே போவதில்லை என்று நான்கைந்து நிமிடம் கேட்பார்கள். கோச்சிங் தாளில் இருந்த தாஜ்மஹால் உங்கள் மனதில் இல்லை. அதனால் அடுத்த கேள்விக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. ஒப்பிக்கும் குரலுக்கும் பேசும் குரலுக்கும் உள்ள வித்தியாசம் தேர்வாளருக்கு உடனே தெரிந்துவிடும் என்பது வேறு.

பாடியில் இருந்துகொண்டு தாஜ்மஹாலுக்கு ஏன் போக வேண்டும்? திருவலிதாயம் கோயில் உங்கள் ஊரில் இருக்கிறது. சம்பந்தர் பாடிய தலம். குருப்பெயர்ச்சி அன்று அங்கே எவ்வளவு கூட்டம் கூடும் என்பது உங்களுக்குத் தெரியும். வேலை, தொழிற்சாலை என்று கார்டு வந்தால், உங்கள் ஊர் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-லேயே தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியிருக்கிறது. இப்படிக் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் பேசுங்கள். நீங்கள் சொல்வது சரியா, அறிவார்ந்ததா என்பதற்கு மதிப்பெண் கிடையாது. சரளமும் கோவையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்குக்கும் சம பங்கு, அவ்வளவுதான்.

ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே உள்ள முக்கியமான தூரம் சரளத்தில் இருக்கிறது. ஆறில் இருப்பவர் நீளமாகப் பேசுவார். ஆனால் தயங்கியும் திரும்பச் சொல்லியும் தன்னையே திருத்தியும் இடையிடையே கோவையை இழப்பார். ஏழில் இருப்பவருக்கும் சொல் தேடும் தயக்கம் உண்டு, பேச்சு மட்டும் அறுந்துபோகாது. இதற்கு நான் மிகவும் நம்பும் பயிற்சி ஒன்று உண்டு. நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் போன்றவர்கள் பரிந்துரைத்த ‘4-3-2’ முறை. ஒரே விஷயத்தை முதலில் நான்கு நிமிடம் பேசுங்கள், பிறகு மூன்று நிமிடத்தில், பிறகு இரண்டு நிமிடத்தில். விஷயம் மாறாததால் மூன்றாம் முறை மூளைக்கு என்ன சொல்வது என்ற சுமை குறைந்து, மொழி வேகம் பிடிக்கும். எழுதி வைத்துப் படிக்காதீர்கள். நான்கைந்து குறிப்புச் சொற்கள் போதும். தேர்விலும் அந்த ஒரு நிமிடத்தில் அதைத்தான் எழுத முடியும்.

மொட்டை மாடியில் போனில் பதிவு செய்துகொண்டே பேசுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு பதிவையாவது உட்கார்ந்து, சொன்னதைச் சொன்னபடியே எழுதிப் பாருங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் உங்கள் தவறுகளை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட மாட்டார்கள். ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’, நேற்று நடந்த கதையில் திடீரென்று ‘ஹீ இஸ் டெல்லிங்’ – நம்மவர்களிடம் அடிக்கடி வருபவை இவை. ஒரு வாரத்துக்கு ஒரு தவறு என்று எடுத்துத் திருத்துங்கள்.

பேச ஆள் இல்லை என்கிறீர்கள். உங்கள் வார்டில் கேரளத்திலிருந்தோ மணிப்பூரிலிருந்தோ வந்த சிஸ்டர்கள் இல்லையா? ஷிஃப்ட் மாறும்போது ஹேண்டோவர் கொடுக்கிறீர்களே, அதை அவர்களிடம் முழுக்க ஆங்கிலத்தில், முழு வாக்கியங்களில் கொடுங்கள். நோயாளி எப்போது வந்தார், என்ன ஆனது, இப்போது எப்படி இருக்கிறார் என்று காலத்தை மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டிய பேச்சு அது. இலக்கணத்துக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

தோழிகள் சொன்னதற்காக வருந்தாதீர்கள். தமிழ் வாடைக்கு மதிப்பெண் குறையாது. புரியவில்லை என்றால்தான் குறையும். அமெரிக்கர் போலப் பேச முயன்றால் உள்ள தெளிவும் போய்விடும். இரண்டை மட்டும் கவனியுங்கள். ஒன்று, சொல்லின் கடைசியில் ‘பஸ்ஸு’, ‘புக்கு’ என்று உகரம் சேர்ப்பது. இன்னொன்று, எல்லா அசைகளையும் ஒரே அழுத்தத்தில் சொல்வது. ‘ஹாஸ்பிட்டல்’ என்பதில் முதல் அசையிலும் ‘டெவலப்’ என்பதில் இரண்டாவதிலும் குரல் ஏற வேண்டும். அகராதிச் செயலியில் கேட்டு, கூடவே சொல்லிப் பழகலாம்.

கேள்வி புரியாவிட்டால் திரும்பச் சொல்லும்படி கேளுங்கள். அதற்காக மதிப்பெண் போகாது. இரண்டாம் பகுதியில் இரண்டு நிமிடம் ஆனதும் தேர்வாளர் இடைமறிப்பது விதி, கோபமில்லை.

ஐஇஎல்டிஎஸ்ஸுக்குப் பதிலாக, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி-யையும் என்எம்சி ஏற்கிறது. அதன் ஸ்பீக்கிங்கில் நீங்கள் நர்ஸாக, எதிரில் இருப்பவர் நோயாளியாகவோ உறவினராகவோ நடிக்கும் இரண்டு காட்சிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம் தயாரிப்பு. ஸ்பீக்கிங், லிசனிங், ரீடிங் மூன்றிலும் ‘பி’ கிரேடு வேண்டும். உங்களுக்கு அது இயல்பாக இருக்கலாம். ஆனால் நான்கு பகுதிகளையும் புதிதாக எழுத வேண்டும். நீங்கள் எழுதியது கம்ப்யூட்டர் தேர்வு என்றால், 60 நாளுக்குள் ஸ்பீக்கிங்கை மட்டும் மறுபடி எழுதும் வசதி ஐஇஎல்டிஎஸ்ஸில் இருக்கிறது. அந்த மதிப்பெண்ணை ஏற்பார்களா என்று என்எம்சி-யிடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு, அதன் பிறகு பணம் கட்டுங்கள்.