தூங்கும் முன் கேட்டை மூடு: விர்ச்சுவல் நெட்வொர்க் டிரைவர்

பூண்டி ஏரியைத் திறந்து கொசஸ்தலை ஆத்துல தண்ணி வந்தா, எங்க சடையங்குப்பத்துல முதல்ல போறது கரண்ட்தான். பேட்டரி தீர்வதற்குள் ப்ராஜெக்ட் ஓடும் விஎம்மை ஹைபர்னேட் செய்துவிடுவேன். மறுநாள் எழுப்பினால் எல்லாம் அப்படியே இருக்கும். நான் எழுதிய நெட்வொர்க் டிரைவர் மட்டும் செத்துக் கிடக்கும். உங்களுக்கும் இது நடக்கலாம் நண்பர்களே. காரணத்தைப் பார்ப்போம்.

விர்ட்டியோ நெட்வொர்க் டிரைவரும் கியூஎமுவும் பேசிக்கொள்வது 'ரிங்' என்ற பொது மெமரி வழியாக. லேப்டாப்பை மட்டும் தூங்க வைத்தால் இரண்டும் சேர்ந்தே உறையும், சேர்ந்தே எழும். ஆனால் விஎம்மையே ஹைபர்னேட் செய்தால் பழைய கியூஎமு முடிந்துவிடும். மறுபடி வருவது புது கியூஎமு. டிரைவருக்குப் பழைய ரிங் ஞாபகம் இருக்கும்; டிவைஸுக்கு அது எங்கே இருக்கு, எதுவரை படித்தோம், ஒன்றும் தெரியாது.

இதற்கான ஃப்ரீஸ், ரிஸ்டோர் பகுதிகளை எழுதியவர் அமித் ஷா (அமைச்சர் இல்லைங்க, கெர்னல் டெவலப்பர்). 2012 மார்ச்சில் வந்த லினக்ஸ் 3.3இல் அவை சேர்ந்தன.

மணலி பக்கம் கன்டெய்னர் யார்டை மூடுவதை நினைச்சுக்கோங்க. ஃப்ரீஸ் வரிசையும் அதேதான்:

1. கேட்டை மூடு: டிவைஸை டிடாச் செய்தால் மேலிருந்து புது பாக்கெட் வராது.
2. உள்ளே நடக்கும் வேலையை முடி: பஃபர் நிரப்பும் வேலையை ரத்து செய்து, நாப்பியை நிறுத்து.
3. கிரேனை நிறுத்து: டிவைஸை ரீசெட் செய்.
4. அதன் பிறகே பஃபர்களை விடுவித்து, ரிங்கை அழி.

மூன்றும் நான்கும் இடம் மாறினால் ஆபத்து. நீங்க விடுவித்த மெமரியில் டிவைஸ் இன்னும் பாக்கெட் எழுதிக்கொண்டிருக்கும். வேறு எங்கேயோ கெர்னல் விழும். நீங்க வேறு எங்கேயோ தேடுவீங்க.

எழுப்பும்போது தலைகீழ்: ரீசெட், ஃபீச்சர் பேச்சு மறுபடியும், புது ரிங், 'டிரைவர் ரெடி', பஃபர் நிரப்பு, நாப்பியைத் தொடங்கு. கேட்டைக் கடைசியில்தான் திறக்கணும்.

டெஸ்ட் செய்ய 'பிஎம் டெஸ்ட்' வசதியில் 'டிவைசஸ்' வைத்தால், ஐந்து நொடி உறைந்து எழும். ஆனால் அதில் பாஸ் ஆனதும் நிம்மதி அடையாதீங்க: அங்கே கியூஎமு சாகவே இல்லை. நிஜமாக ஹைபர்னேட் செய்து, புது கியூஎமுவில் எழுப்பி, பிங் ஓடும்போதே பத்து முறை பாருங்க. டிவைஸ் எதையும் ஞாபகம் வைத்திருக்காது என்றே நினைச்சு டிரைவர் எழுதுங்க. அவ்ளோதான்.