திருச்சபைப் பொருளும் அரசர் பொக்கிஷமும்

நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரத்துக்குச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் ஒருகாலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல்களே விரிந்து கிடந்தன. வீடுகளும் கடைகளும் அவற்றுட் பலவற்றை விழுங்கிவிட்டன. எஞ்சியவற்றுள் ஒன்றைக் காட்டி, "இது யாருடைய வயல்?" என முதியோர் ஒருவரை வினவினால், உழுபவன் பெயரை விட்டுக் கோயிலின் பெயரையோ, மடத்தின் பெயரையோ, சபையின் பெயரையோ அவர் சொல்லக்கூடும். நாஞ்சில் நாட்டில் சமயம் என்பது வழிபாட்டோடு முடிவதன்று. அது நெல்லும் நிலமுமாய் வேரூன்றியது. நிலம் உள்ள இடத்திலே வரியும், வரி உள்ள இடத்திலே அரசும் வந்து சேர்தல் இயல்பே.

சமயமும் அரசும் வெவ்வேறாய் நிற்றல் வேண்டும் என்னும் கொள்கையை நம் மாணவர் ஐரோப்பிய சரித்திரத்திலே படிக்கின்றனர், பரீட்சையில் எழுதுகின்றனர், எழுதியபின் மறந்தும் விடுகின்றனர். ஐர்லாந்தில் அரசாங்கத் திருச்சபை என்னும் நிலை 1869-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டதையும், பிரான்சு தேசத்தில் 1905-ல் அரசும் சபையும் பிரிக்கப்பட்டதையும் அறிந்த நாம், அதே வழக்கு நம் ஊரிலேயே நடந்தேறியதை அறியாதிருத்தல் தகுமோ? நம் ஊர் வழக்கில் வாதியும் நாமே, பிரதிவாதியும் நாமே. ஆதலின் அதனைச் சற்று விரிவாகவே ஆராய்வாம்.

திருவிதாங்கூர் அரசு பிற அரசுகளைப் போன்றதன்று. 1750-ஆம் ஆண்டில் மார்த்தாண்டவர்மா மகாராஜா தம் இராச்சியம் முழுவதையும் ஸ்ரீ பத்மநாப சுவாமிக்குத் தானமாக ஒப்படைத்து, தாம் பத்மநாபதாசர் என்னும் பெயரோடு ஆளத் தொடங்கினார். இதனைத் திருப்படித்தானம் என்பர். அன்றுமுதல் அரசே தெய்வத்தின் உடைமையாயிற்று. ஆயினும் பெருங்கோயில்கள் பல அரசரின் நேர் ஆளுகையில் இருக்கவில்லை. சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் போன்றவை யோகக்காரர், ஊராளர் எனப்பட்டவர்களின் கையிலே இருந்தன. சுசீந்திரத்திலே குற்றஞ்சாட்டப்பட்ட நம்பூதிரிமாரைக் கொதிக்கும் நெய்யிற் கைமுக்கச் செய்து தீர்ப்புக் காணும் வழக்கமும் இருந்தது; சுவாதித் திருநாள் மகாராஜா காலத்திலேதான் அது ஒழிந்தது. கோயில் நிலவுடைமையாளராய் இருந்ததோடு நியாயஸ்தலமாகவும் இருந்தது என்பதை இங்கே நினைவிற்கொள்க. பின்னால் இது வேண்டும்.

1805-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி திருவிதாங்கூர் ஆங்கிலக் கம்பெனியாருக்கு ஆண்டுதோறும் எட்டு இலட்சம் ரூபாய் செலுத்தக் கடமைப்பட்டது. வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி 1809-ல் அடங்கியபோது பொக்கிஷம் வறண்டு, பாக்கி மலைபோற் குவிந்திருந்தது. இந்நிலையில் 1810-ல் ரெசிடெண்டாக வந்த கர்னல் மன்றோ அடுத்த ஆண்டிலே திவான் பதவியையும் ஏற்றார். கம்பெனிக்காகக் கடனைக் கேட்பவரும், சமஸ்தானத்துக்காகக் கடனைக் கட்டுபவரும் ஒருவரேயாயினர்! அவர் செய்த முக்கியமான காரியம், பெரியவும் சிறியவுமாகிய நூற்றுக்கணக்கான தேவஸ்வங்களின் சொத்துக்களை 1811 முதல் அரசாங்கத்தோடு சேர்த்துக்கொண்டதாகும். கோயில் நிலங்களின் வருமானம் பொது நிலவரியோடு கலந்தது. பூஜை, திருவிழா முதலியவற்றின் செலவுகளுக்கு ஓர் அளவு வகுத்து, அதனை அரசாங்கமே கொடுத்து வந்தது. ஊராளர் பலர் கோயிற் பொருளைத் தம் பொருளாகவே நுகர்ந்தனர் என்பது அவர் சொன்ன நியாயம். அதில் உண்மை உண்டு. ஆயினும் பொக்கிஷம் வறண்டிராவிடின் அந்த உண்மை அவ்வளவு விரைவில் அவர் கண்ணிற் பட்டிருக்குமோ என நாம் ஐயுறுதல் தவறாகாது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம்.

கோயில்களின் நிலத்தை ஒரு கையால் வாங்கிய அதே மன்றோ, மற்றொரு கையால் மிஷனுக்கு நிலம் கிடைக்கச் செய்தார். 1806-ல் இந்நாட்டுட் புகுந்து மயிலாடியில் சபையை நிறுவிய ரிங்கல்தௌபே ஐயர் மிக எளிய வாழ்வினர். தம்மை நாடி வந்தோருட் பலர் வரிச்சுமையிலிருந்தும் கூலியில்லா ஊழியத்திலிருந்தும் விடுதலை நாடியே வந்தனர் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். (அரசனுக்குக் கட்டாயத்தால் செய்யும் வேலைக்கும், கடவுளுக்கு மனமுவந்து செய்யும் தொண்டுக்கும் நம் நாட்டார் ஊழியம் என்னும் ஒரே சொல்லை வழங்கினர். அக்காலக் குழப்பமெல்லாம் இவ்வொரு சொல்லில் அடங்கியிருக்கிறது.) அவர் 1816-ல் நாட்டைவிட்டு நீங்கினார். 1818-ல் மீட் ஐயர் நாகர்கோவிலுக்கு வந்தார். இக்காலத்தை ஒட்டியே, மன்றோவின் வேண்டுகோளுக்கு இணங்கி, ஆட்சிப் பொறுப்பில் இருந்த இராணி கௌரி பார்வதி பாய் மிஷனுக்கு நாகர்கோவிலில் ஒரு பங்களாவையும், நெல்வயல்கள் வாங்குவதற்கென 5,000 ரூபாயையும் அளித்தார். அவ்வயல்களின் வருமானமே நாகர்கோவில் செமினரியைப் பல்லாண்டுகள் தாங்கியது. அந்தச் செமினரியே பின்னர் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாய் வளர்ந்தது.

பத்மநாபதாசரின் சிம்மாசனத்திலிருந்து ஒரு கிறிஸ்தவக் கல்விச்சாலைக்கு வந்த கொடை இது. இதனை நாம் நன்றியோடு நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம். ஆனால் அதனோடு கூடவே வேறொன்றும் வந்தது. மன்றோவின் பரிந்துரையால் மீட் ஐயர் நாகர்கோவில் சிவில் நியாயஸ்தலத்தின் நீதிபதியாக நியமிக்கப்பட்டார். காலையிலே ஞானஸ்நானத்துக்கு ஆயத்தஞ் செய்தவர் பகலிலே வழக்குக் கேட்டார். அவர் நேர்மையாகவே தீர்ப்பளித்திருக்கலாம். அதுபற்றி நமக்கு வழக்கில்லை. ஆனால் ஊரார் கண்ணுக்கு அது எவ்வாறு தோன்றியிருக்கும்? நீதிபதியின் சமயத்திற் சேர்ந்தால் நீதி எளிதிற் கிடைக்கும் என ஏழை எண்ணினான். நீதிபதியின் சமயத்தைச் சேராதவன் தனக்கு நீதி கிடையாதென அஞ்சினான். சில ஆண்டுகளுக்குள் மூவாயிரம்பேர் வரையில் மிஷனைச் சார்ந்தனர் என்று மிஷன் வரலாறுகள் கூறும். அவர்களுட் பலர் உலகப்பயன் கருதி வந்தவர் என்பதையும் அவ்வரலாறுகளே மறைக்கவில்லை.

இதிலுள்ள விந்தையை மாணவர் கவனிப்பாராக. லண்டன் மிஷன் சங்கத்தின் ஆதரவாளருட் பெரும்பாலோர் இங்கிலாந்தின் அரசாங்கத் திருச்சபையோடு இணங்காதவர். அரசர் கையிலிருந்து சபை விடுபட வேண்டுமென்பதே அவர்தம் முன்னோர் பாடுபட்டுக் காத்த கொள்கை. அத்தகையோர் இங்கிலாந்தில் அரசாங்க உத்தியோகம் வகிப்பதற்குச் சட்டத்திலிருந்த தடை 1828-ல்தான் முற்றும் நீக்கப்பட்டது. தம் தாய்நாட்டிலே மதத்தின்பேரால் பதவி மறுக்கப்பட்ட கூட்டத்தார், நாகர்கோவிலிலே மதபோதகராய் இருந்துகொண்டே பதவி ஏற்றனர். லண்டனிலிருந்த சங்க நிர்வாகிகள் இதனை ஒப்பவில்லை. ஏறக்குறைய ஓராண்டுக்குப்பின் மீட் ஐயர் அப்பதவியை விட்டுவிட்டார். சுசீந்திரத்திலே கோயில் நியாயஸ்தலமாய் இருந்ததைக் குறைகூறும் நாம், நாகர்கோவிலிலே போதகர் நியாயாதிபதியாய் இருந்ததையும் அதே தராசில் வைத்து நிறுக்க வேண்டும்.

பதவி போயிற்று, அதன் நிழல் போகவில்லை. மன்றோ 1819-ல் ரெசிடெண்டு வேலையினின்று நீங்கினார். அவருடைய செல்வாக்கால் கிறிஸ்தவர்க்குக் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை ஊழிய விலக்கு முதலிய சலுகைகள், அவர் நிழல் நீங்கியபின் பகைக்கு வித்தாயின. 1820-களின் இறுதியிலே கலகங்கள் மூண்டன. ஆலயங்களும் பள்ளிகளும் எரிந்தன. மேலாடை அணிந்த நாடார் பெண்டிர் அவமதிக்கப்பட்டனர். 1829-ல் வெளியான அரச விளம்பரம் அம்மேலாடை உரிமையைக் குறுக்கிற்று. ஊழியக் கடமையை வலியுறுத்திற்று. அனுமதியின்றி ஆலயங்கள் கட்டலாகாதென்றது. மிஷனுக்கு வயல் அளித்த அதே இராணியாரின் ஆட்சிக்காலம் அது! அரசரின் தயவால் உயர்ந்தது அரசரின் தயவு மாறினால் தாழும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்றை ஐரோப்பிய சரித்திரத்திலும் காண்பது அரிது. மேலாடை உரிமை 1859-ல் ஓரளவு மீண்டும் கிடைப்பதற்கு ஒரு தலைமுறை துன்புறவேண்டியதாயிற்று. அத்துன்பத்திற்கு மீட் ஐயரின் நீதிபதிப் பதவியே காரணம் என நாம் கூறவில்லை. சாதியின் கொடுமையே முதற்காரணம். ஆயினும் ஒடுக்கப்பட்டோரின் நியாயமான கோரிக்கை, ஓர் அந்நிய சமயத்தின் சலுகைபோலத் தோன்றும்படி ஆனதற்கு நம் முன்னோரும் பொறுப்பாளிகளே.

வயலின் கதை வேறு. இராணியாரின் 5,000 ரூபாய் கல்விக்கென்று கொடுக்கப்பட்டது, கல்விக்கே செலவாயிற்று. அது மிஷன் பெயரால் தனியுடைமையாய் நின்றது. அரசாங்கக் கணக்கோடு கலக்கவில்லை. ஆகவே 1829-ன் புயலிலும் செமினரி விழவில்லை. கொடையை ஏற்றலும் அதிகாரத்தை ஏற்றலும் ஒன்றல்ல என்பதை நாம் கற்றுக்கொண்டது இவ்வாறே.

கோயில்களுக்கோ இதற்கு எதிராயிற்று. அவற்றின் நிலங்கள் பொக்கிஷத்தோடு கலந்தமையின் விளைவு நூறாண்டுகள் கழித்து வேறு உருவிலே வெளிப்பட்டது. நிலவரி இலாகா உத்தியோகஸ்தர்களே கோயிற் காரியங்களையும் மேற்பார்த்தனர். ஆதலின் கோயிலுட் செல்லத் தகுதியில்லாதவர் எனப்பட்ட கிறிஸ்தவர், முஸ்லிம்கள், ஈழவர் முதலியோர்க்கு அவ்விலாகாவிலே இடமில்லாமற் போயிற்று. வரி கொடுப்பவர் எல்லாரும். வரி வாங்குபவர் ஒரு சிலரே! இதனை எதிர்த்துப் பல வகுப்பினரும் ஒன்றுகூடிக் கிளர்ச்சி செய்தனர். அதன் பயனாக 1922-ல் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவின் தேவஸ்வ விளம்பரம் வெளிவந்தது. தேவஸ்வம் தனி இலாகாவாகப் பிரிக்கப்பட்டது; நிலவருவாயில் நூற்றுக்கு நாற்பது பங்குக்குக் குறையாத தொகை அதற்கென ஒதுக்கப்பட்டது; நிலவரி உத்தியோகம் யாவர்க்கும் திறந்தது. சமயத்தையும் அரசையும் பிரித்தல் சமயத்துக்குப் பகை என எண்ணுவோர் இந்த 1922-ஐச் சிந்திக்கட்டும். அன்று கோயிலுக்குத் தனிப்பொருள் கிடைத்தது, குடிகளுக்குச் சமநிலை கிடைத்தது.

இன்னும் ஒரு செய்தி. நம் இந்திய அரசியலமைப்பின் 27-ஆம் உறுப்பு, குறிப்பிட்ட ஒரு சமயத்தை வளர்ப்பதற்கென வரி செலுத்துமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது. அதே அரசியலமைப்பின் 290-அ உறுப்பு, 1956 நவம்பர் 1-ஆம் நாள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழ்நாட்டுக்கு மாறிய பகுதிகளிலுள்ள இந்துக் கோயில்களின் தேவஸ்வ நிதிக்கு ஆண்டுதோறும் 13,50,000 ரூபாய் கொடுக்குமாறு விதிக்கிறது. அக்கோயில்கள் நம் நாஞ்சில் நாட்டையும் அதன் அண்டையையும் சார்ந்தவை. இவ்விரண்டு விதிகளும் முரண்படுகின்றனவே என மாணவர் வினவலாம். 1811-ல் நிகழ்ந்ததை அறிந்தவர் வினவார். இது கொடையன்று, வாங்கிய நிலத்துக்கு ஈடு. ஒரு திவான் ஒரு நாள் இட்ட கையெழுத்தின் கடனை ஒரு குடியரசு இன்றும் செலுத்தி வருகிறது.

கடற்கரைப் பக்கம் நாம் நோக்காதிருத்தல் நேர்மையாகாது. அங்கே கத்தோலிக்க ஊர்களிலே மீன்பாட்டில் ஒரு பங்கு கோயிலுக்கெனத் தண்டும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. தண்டும் உரிமையை ஏலத்தில் எடுப்பவர் குத்தகைக்காரர். அரசாங்கம் எட்டிப்பாராத கரையிலே கோயிலே வரி வாங்கியது, வழக்குத் தீர்த்தது, ஊரை நடத்தியது. அதனால் விளைந்த நன்மைகள் பல. ஆயினும் மீன் கிடைக்காத காலத்தும் பங்கு கேட்கப்பட்டால் வலைஞன் யாரிடம் முறையிடுவான்? அரசு சமயத்தை விழுங்குதல் ஒரு தீமையெனில், சமயமே அரசாகிவிடுதல் மற்றொரு தீமை.

இன்று இந்துக் கோயில்கள் அறநிலையத் துறைச் சட்டத்துக்குட்பட்டு இருக்கின்றன. திருச்சபைகளின் சொத்துக்கள் அறக்கட்டளைகள், சங்கங்கள் ஆகியவற்றின் பெயரால் நிற்கின்றன. அவற்றுக்கெனத் தனியான இலாகா இல்லை. "கோயிலுக்கு ஒரு நீதி, சபைக்கு ஒரு நீதியோ?" எனக் கேட்பவர் உண்டு. கேரளத்திலே நீதிபதி கிருஷ்ணய்யர் தலைமையிலான சட்டச் சீர்திருத்தக் குழு 2009-ல் கிறிஸ்தவச் சபைச் சொத்துக்களுக்கென ஒரு மசோதாவையே வரைந்தளித்தது. சபைத் தலைவர்கள் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். நம் கருத்தைக் கேட்பின், அரசாங்கம் சபைச் சொத்தை எடுத்து நடத்துதல் மன்றோ செய்த பிழையை மீண்டும் செய்வதாகும். ஆனால் அரசாங்கம் தலையிடலாகாது எனக் கூறுவோர் தம் கணக்கைச் சபையார் யாவரும் காணத் திறந்து வைத்தபின்பே அதனைக் கூற உரிமையுடையர். காணிக்கை இட்ட விதவைக்குக் கணக்குக் காட்டாதவன் கலெக்டருக்குக் காட்ட நேரிடும்போது சமய சுதந்தரத்தைப்பற்றிப் பேசுதல் அழகன்று.

நம் போன்ற கல்லூரிகளும் இவ்வழக்கிற்குப் புறம்பல்ல. அரசாங்க உதவி பெறும் கல்லூரிகளில் ஆசிரியர் சம்பளம் இன்று பொதுப் பொக்கிஷத்திலிருந்தே வருகிறது. அப்பொக்கிஷத்தை நிரப்புபவர் எல்லாச் சமயத்தாரும் எச்சமயமும் இல்லாதாருமே. ஆகையால்தான் அரசாங்க உதவி பெறும் கல்விச்சாலையில் மாணவர் தம் சம்மதமின்றி, வயது நிரம்பாதவராயின் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதமின்றி, சமய போதனைக்கோ வழிபாட்டுக்கோ வரவேண்டியதில்லை என 28-ஆம் உறுப்பு கூறுகிறது. இதனைச் சிலர் ஒரு தடையாகக் கருதுகின்றனர். இராணியாரின் நெல்லை உண்டு வளர்ந்த செமினரியின் வரலாற்றை அறிந்த நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. பிற சமயத்தார் பொருளால் நடக்கும் பள்ளியிலே பிற சமயத்தார் பிள்ளையின் மனச்சாட்சியைக் காத்தல் கைம்மாறே.

சரித்திரம் பயிலும் மாணவர் ஒன்று செய்யலாம். வரும் கோடை விடுமுறையிலே தத்தம் ஊரிலுள்ள சபைக்கோ கோயிலுக்கோ உரிய நிலங்களுள் ஒன்றைத் தேர்ந்து, அது யாரால், எப்போது, எந்நோக்கத்துக்குக் கொடுக்கப்பட்டது, இன்று அதன் வருமானம் எதற்குச் செலவாகிறது என மூலப்பத்திரங்களைக்கொண்டு விசாரித்து எழுதி வருவாராக. பத்திரங்களைக் காட்ட மறுப்பவர் இருப்பின், அவர் மறுத்ததையும் எழுதிக்கொள்க.