உறைய மறுக்கும் திரவம்

வேதியியல் சோதனைச்சாலையில் நாங்கள் செய்த ஒரு சிறு சோதனையைப் பற்றித் தோழியருக்குச் சொல்ல விரும்புகிறோம். ஒரு மண்சட்டியில் மூன்று பங்கு பனிக்கட்டித் தூளும் ஒரு பங்கு கல்லுப்பும் கலந்து, அதில் இரண்டு சோதனைக் குழாய்களை நிறுத்தினோம். ஒன்றில் காய்ச்சி வடித்த நீர்; மற்றதில் எத்தில் ஆல்கஹால். வெப்பமானி சுழிக்குக் கீழே 15 பாகை வரை இறங்கியது. சற்று நேரத்தில் நீர் கல்லாகிவிட்டது. ஆல்கஹாலோ, குழாயைச் சாய்த்த பக்கமெல்லாம் ஓடிற்று.

"ஏன்?" என்று கேட்டார்கள் சிஸ்டர். ஆல்கஹால் நீரைவிட இலேசானது, அதனால்தான் என்று ஏறக்குறைய எல்லோருமே ரெக்கார்டு நோட்டில் எழுதினோம். நோட்டுகள் சிவப்பு மையோடு திரும்பி வந்தன.

எங்கே தவறினோம்? ஆல்கஹால் என்னும் திரவம் இலேசானதுதான். அதன் மூலக்கூறு அப்படியன்று. நீர் மூலக்கூறின் எடை 18. எத்தில் ஆல்கஹால் மூலக்கூறின் எடை 46. எடைதான் காரணமென்றால் ஆல்கஹால் அல்லவா முந்திக்கொண்டு உறைய வேண்டும்? ஆனால் நீர் 0 பாகை செல்சியஸில் உறைகிறது. ஆல்கஹால் உறையச் சுழிக்குக் கீழே 114 பாகை வரை போக வேண்டும்.

திரவத்தில் மூலக்கூறுகள் ஓயாமல் அலைகின்றன. குளிரக் குளிர அந்த ஆட்டம் தணிகிறது. ஒன்றையொன்று பற்றியிழுக்கும் விசை ஆட்டத்தை வெல்லும் வேளையில் அவை வரிசையாக அமர்ந்துவிடுகின்றன, அதுவே உறைதல். பிடிப்பு வலுவாக இருந்தால் ஆட்டம் அதிகம் தணியுமுன்பே அமர்ந்துவிடும்; பிடிப்பு தளர்ந்திருந்தால் நெடுநேரம் காத்திருக்க வேண்டும்.

நீர் மூலக்கூறுக்கு நான்கு கைகள் உண்டென்று வைத்துக்கொள்வோம். தன் இரு ஹைட்ரஜன்களால் இரண்டு அண்டை மூலக்கூறுகளைப் பற்றுகிறது. வேறிரண்டு மூலக்கூறுகளின் ஹைட்ரஜன்களைத் தன் ஆக்சிஜனால் ஏற்றுக்கொள்கிறது. இதுவே ஹைட்ரஜன் பிணைப்பு. நாற்புறமும் கைகோத்து எழும் இவ்வலைதான் பனிக்கட்டி. ஆல்கஹாலில் ஆக்சிஜனோடு ஒட்டிய ஹைட்ரஜன் ஒன்றே ஒன்று. மற்றொன்று இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கார்பன்களைக் கொண்ட வால் ஒன்று தொங்குகிறது. அந்த வாலுக்குக் கைகோக்கத் தெரியாது. வரிசையில் அமரும்போது இடத்தையும் அடைத்துக்கொள்ளும். ஆகவே ஆல்கஹால் உறைந்தாலும் அதில் ஹைட்ரஜன் பிணைப்புகள் சங்கிலியாக மட்டுமே செல்கின்றன, வலையாகப் பின்னுவதில்லை.

இருக்கும் ஒரு பிணைப்பையும் குறைத்து மதிப்பிடலாகாது. சமையல் வாயுவில் கலந்துள்ள புரோப்பேனைப் பாருங்கள். அதன் எடை 44. ஏறத்தாழ ஆல்கஹாலின் எடையே. கைகோக்கும் ஹைட்ரஜன் அதற்கு ஒன்றுகூட இல்லாததால் சுழிக்குக் கீழே 188 பாகையில்தான் உறைகிறது. எங்கள் சந்தேகத்தை முற்றிலும் தீர்த்தது இந்த ஒப்பீடுதான்.

வலையாகப் பின்னும்போது நீர் மூலக்கூறுகளுக்கிடையே வெற்றிடம் மிகுகிறது. அதனால்தான் பனிக்கட்டி நீரில் மிதக்கிறது. குளிர்நாட்டு ஏரிகளில் மேலே பனி மூடியிருக்கக் கீழே மீன்கள் உயிர் வாழ்கின்றன. உறைந்த ஆல்கஹாலோ தன் திரவத்தில் மூழ்கிவிடும்.

இரண்டையும் கலந்தால் என்னவாகும்? ஆல்கஹால் மூலக்கூறுக்குப் பனிக்கட்டியின் வலையில் இடம் கிடையாது. நீர் மூலக்கூறுகள் வலையில் சேர்வதையும் அது கடினமாக்குகிறது. ஒரு கிலோ நீரில் 46 கிராம் ஆல்கஹால் கலந்தால் உறைநிலை சுமார் 1.86 பாகை இறங்கும். ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு ஆல்கஹால் உள்ள திராட்சை இரசம், திருப்பலிக்குரியதாயினும் சரி, சுழிக்குக் கீழே ஏறக்குறைய 5 பாகையில் உறையத் தொடங்கும். அப்போது கட்டியாகப் பிரிவது நீரே. மீந்த திரவத்தில் ஆல்கஹால் செறிந்து நிற்கும்.

துருவக் குளிரில் இப்பண்பு பெரிதும் உதவியது. பாதரசம் சுழிக்குக் கீழே 39 பாகையிலேயே உறைந்துவிடும்; 1759 டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிரவுன் என்பவர் அதை உறையவைத்துக் காட்டினார். அத்தகைய குளிரில் பாதரச வெப்பமானி பயன்படாது; ஆல்கஹால் வெப்பமானி பயன்படும். 1983 ஜூலை 21-இல் அண்டார்க்டிகாவின் வோஸ்டாக் நிலையத்தில் சுழிக்குக் கீழே 89.2 பாகை பதிவாயிற்று. அந்தக் குளிரிலும் ஆல்கஹால் உறைவதற்கு இன்னும் ஏறக்குறைய 25 பாகை மீதமிருந்தது.

அப்படியானால் ஆல்கஹாலை உறையவைத்தவர் எவருமில்லையா என்று கேட்டோம். போலந்து நாட்டின் கிராக்கவ் நகரில் 1883-இல் ரோப்லெவ்ஸ்கியும் ஓல்ஸெவ்ஸ்கியும் ஆக்சிஜனையே திரவமாக்கிய கடுங்குளிரில் அதைச் செய்தார்களாம். அது நீரைப்போல் சட்டென்று கல்லாகவில்லை. முதலில் எண்ணெய்போலத் தடித்து, அதன் பின்னரே வெண்மையாக இறுகியது.